செங்காந்தள்: மாடியில் 6 பை, கிழங்கிலிருந்து கிழங்கு வரை

தை மாதம் கொடி காய்ந்ததும் ‘செடி போய்விட்டது’ என்று தொட்டியைக் கவிழ்த்து மண்ணை ரோஜாவுக்குப் போட்டுவிடுவார்கள். இல்லையென்றால், வாடுகிறதே என்று பதறித் தினமும் தண்ணீர் ஊற்றுவார்கள். செங்காந்தள் மறு வருடம் முளைக்காமல் போவதற்கு இந்த இரண்டும்தான் வழக்கமான காரணங்கள். வருடத்தில் ஏழு மாதம்போல விழித்திருந்து, மீதி நாளெல்லாம் மண்ணுக்குள் உறங்கும் கொடி இது. அந்த உறக்கத்தைக் கெடுக்காமல் இருந்தால் மற்ற வேலைகள் பெரிய விஷயமே இல்லை.

ஆனிக் கடைசியில் கிழங்கு ஊன்றுவதில் தொடங்கி, மாசியில் கிழங்கு எடுத்துப் பத்திரப்படுத்துவது வரை ஒரு முழுச் சுற்று இங்கே இருக்கிறது. அளவுகள் 6 பை, 12 கிழங்குக்கு. தரையில் வைப்பவர்களுக்கு மாறும் இடங்களும் அங்கங்கே குறிக்கப்பட்டிருக்கின்றன.

பெயர் ஊருக்கு ஊர் மாறும். கண்வலிப்பூ, கலப்பைக் கிழங்கு, ஈழத்தில் கார்த்திகைப் பூ. தமிழ்நாட்டின் மாநில மலர் இதுதான். மூலனூர், ஒட்டன்சத்திரம், வேதாரண்யம் பக்கம் விதைக்காக ஏக்கர் கணக்கில் பயிரிடுகிறார்கள். பூவைப் பார்த்தாலே கண் வலிக்கும் என்பது நம்பிக்கை மட்டும்தான். ஆனால் கிழங்குச் சாறு பட்ட கையால் கண்ணைக் கசக்கினால் நிஜமாகவே எரியும்.

வாங்குவதற்கு முன்னால் விஷம் பற்றி

விதைக்காக ஏக்கர் கணக்கில் பயிரிடுவதற்குக் காரணம் கொல்ச்சிசின். கீல்வாதத்துக்கு மருந்தாகும் அதே பொருள்தான் அளவு மீறினால் ஆளைக் கொல்லும். செடியின் எல்லாப் பாகத்திலும் இருக்கிறது. கிழங்கிலும் விதையிலும் அதிகம். கிழங்கு பார்வைக்கு வள்ளிக்கிழங்கு மாதிரி, சிறிய சர்க்கரைவள்ளி மாதிரி இருக்கும். தெரியாமல் வேகவைத்துச் சாப்பிட்டு உயிர் போன சம்பவங்கள் இலங்கையிலும் இங்கேயும் உண்டு. வேகவைத்தால் விஷம் போய்விடாது.

அதனால் வீட்டில் தவழும் குழந்தையோ, மண்ணைத் தோண்டும் நாயோ இருந்தால் இந்தச் செடி இப்போதைக்கு வேண்டாம். வைக்கிறவர்கள் கிழங்கைத் தொடும்போது கையுறை போட வேண்டும். வெட்டிய கத்தியை சோப்புப் போட்டுக் கழுவி, சமையலறைப் பக்கமே கொண்டுபோகாமல் தனியாக வைக்க வேண்டும். யாராவது எந்தப் பாகத்தையாவது தின்றுவிட்டால், வாந்தி வரட்டும் பார்க்கலாம் என்று காத்திருக்கக் கூடாது. அறிகுறி தெரியவே சில மணி நேரம் ஆகும். கொஞ்சம் தேறியதுபோல் காட்டிவிட்டு, அதற்குப் பிறகு உள்ளுறுப்புகளைத் தாக்குவதும் நடக்கும். உடனே 108ஐக் கூப்பிட்டு, தின்ற கிழங்கின் மிச்சத்தையும் கையோடு எடுத்துக்கொண்டு பெரிய மருத்துவமனைக்குப் போவதுதான் ஒரே வழி.

கிழங்கைப் பார்த்து எடுப்பது

கிழங்கு கலப்பை மாதிரி இரண்டு கிளையாக வளைந்திருக்கும். சிலவற்றில் இரண்டும் ஒரே நீளம், சிலவற்றில் ஒன்று நீளம், ஒன்று குட்டை. கவனிக்க வேண்டியது ஒன்றே ஒன்று: ஒவ்வொரு கிளைக்கும் அதன் வெளி நுனியில் ஒரே ஒரு முளைக்கண்தான் உண்டு. உருளைக்கிழங்குக்கு இருப்பதுபோல் பல கண்கள் கிடையாது. நுனி உடைந்தால் அந்தக் கிளை எவ்வளவு பருமனாக இருந்தாலும் வெறும் மாவுப் பொட்டலம்தான். கிழங்கோ கண்ணாடிக்குச்சி மாதிரி பட்டென்று முறியக்கூடியது. தபாலில் வந்த பொட்டலத்தைப் பிரித்ததும் முதலில் நுனிகளைத்தான் பார்க்க வேண்டும்.

எடை 50 முதல் 60 கிராம் இருந்தால் முதல் வருடமே நன்றாகப் பூக்கும். 20 கிராமுக்குக் கீழே உள்ள குட்டிக் கிழங்கு பெரும்பாலும் ஒரு தண்டு விட்டு, இலையோடு நின்றுவிடும். அது வீண் இல்லை, மறு வருடத்துக்கான கிழங்கைச் சேர்க்கிறது. விலை மலிவாகக் கிடைத்தால் அதையும் வாங்கலாம், பூவை மட்டும் எதிர்பார்க்க வேண்டாம். அழுத்தினால் கல் மாதிரி இருக்க வேண்டும். லேசான சுருக்கம் பரவாயில்லை. மெத்தென்று அழுங்கினாலோ, புளித்த வாடை வந்தாலோ திருப்பிக் கொடுத்துவிடுங்கள். காட்டிலிருந்தும் வேலியோரத்திலிருந்தும் பிடுங்கி விற்பவர்களிடம் வாங்க வேண்டாம். பல இடங்களில் இந்தக் கொடி அருகிப் போனதற்கே அந்தப் பிடுங்கல்தான் காரணம். விவசாயிகளிடமோ, தொட்டியில் வளர்த்துப் பெருக்கும் நர்சரியிலோ வாங்கலாம். ரோத்ஸ்சைல்டியானா என்ற பெயரில் விற்பது இதழ் அகலமாக, ஓரத்தில் மஞ்சள் கோடு போட்டதுபோல் இருக்கும் ரகம். லூட்டியா முழு மஞ்சள். வளர்ப்பு முறை எல்லாவற்றுக்கும் ஒன்றுதான்.

இரண்டு கிளையும் நல்ல நுனியோடு இருந்தால், நடுக் கணுவில் பிரித்து இரண்டு செடியாக்கலாம். பிரித்த இடத்தில் சலித்த அடுப்புச் சாம்பலைத் தடவி, நிழலில் 2 நாள் காயவைத்த பிறகுதான் மண்ணுக்குள் போக வேண்டும். அவசரம் இல்லையென்றால் பிரிக்காமலே ஊன்றலாம். முறிக்கும்போது நுனி போகும் ஆபத்தை எதற்கு விலைக்கு வாங்க வேண்டும்?

மண் கலவை

பை 15 அங்குல அகலம், 12 அங்குல உயரம். மேலே ஒன்றரை அங்குலம் விட்டு நிரப்பினால் சுமார் 30 லிட்டர் பிடிக்கும். ஒரு பைக்கு:

செம்மண் 12 லிட்டர்
ஆற்றுமணல், கிடைக்காவிட்டால் கழுவிய எம்-சாண்ட் 9 லிட்டர்
மண்புழு உரம் அல்லது நன்றாக மக்கிய தொழுவுரம் 6 லிட்டர்
கழுவிப் பிழிந்த தென்னைநார்க் கழிவு 3 லிட்டர்
வேப்பம்புண்ணாக்குத் தூள் 100 கிராம்
எலும்புத்தூள் 50 கிராம்

மாடித்தோட்டத்துக்கு வழக்கமாகச் சொல்லும் ‘பாதி நார்க்கழிவு’ கலவை இதற்கு ஆகாது. கீரைக்கும் கத்தரிக்கும் அது சரி. ஐப்பசி மழையில் அந்தக் கலவை பத்து நாள் ஈரம் பிடித்து நிற்கும், கிழங்கு அதற்குள் கூழாகிவிடும். எடை ஏறுமே என்பது நியாயமான கவலை. ஈரமான ஒரு பை 40 கிலோவைத் தாண்டும். அதனால் பைகளை மாடியின் நடுவில் வைக்காமல், கீழே சுவர் வரும் ஓரமாக வரிசைப்படுத்த வேண்டும். எம்-சாண்டைக் கழுவாமல் போட்டால் அதிலுள்ள மாவுத்தூள் இறுகி, தண்ணீர் இறங்காது. நிரப்பியதும் ஒரு பைக்கு 2 லிட்டர் தண்ணீர் ஊற்றிப் பார்க்கலாம். மேலே தேங்கியது ஒரு நிமிடத்துக்குள் உள்ளே போய்விட வேண்டும். போகவில்லை என்றால் இன்னும் 2 லிட்டர் மணல் சேர்க்கலாம். பைக்கு அடியில் இரண்டு செங்கல் கொடுத்துத் தூக்கி வைப்பது கட்டாயம். ஓட்டை தரையில் ஒட்டினால் ஓட்டை இருந்தும் பயன் இல்லை.

தரையில் என்றால் 30 செ.மீ ஆழத்துக்குச் சால் வெட்டி, தொழுவுரம் கலந்து நிரப்பி, பாத்தியை ஒரு சாண் மேடாக்க வேண்டும். செம்மண், மணல் கலந்த மண், லேசான அமிலத்தன்மை இதற்குப் பிடித்தவை. களிமண் தோட்டத்தில் தரையில் முயற்சி செய்யாமல் பையிலேயே வைப்பது நல்லது.

நேர்த்தியும் ஊன்றுவதும்: ஆனிக் கடைசி, ஆடி முதல்

ஆடிப்பட்டம் இதற்கும் பொருந்தும். உறக்கத்திலிருந்து கிழங்கு தானாகவே எழும் காலம் ஜூன், ஜூலை. முன்னால் ஊன்றினால் விழிக்காத கிழங்கு ஈர மண்ணில் சும்மா கிடக்கும், சும்மா கிடப்பது அழுகும்.

கிழங்கு நேர்த்திக்கு இரண்டு வழி. ஒன்று, கார்பென்டசிம் 1 லிட்டர் தண்ணீருக்கு 1 கிராம் கரைத்து 30 நிமிடம் ஊறவைத்து, நிழலில் ஈரம் உலர்த்தி ஊன்றுவது. மற்றொன்று, டிரைக்கோடெர்மா விரிடி 10 கிராமை அரை லிட்டர் தண்ணீரில் குழைத்து, அதில் முக்கி எடுத்து ஊன்றுவது. நல்லதுக்கு நல்லது என்று இரண்டையும் சேர்த்துச் செய்கிறவர்கள் உண்டு. கார்பென்டசிம் பூஞ்சைக்கொல்லி, டிரைக்கோடெர்மாவும் பூஞ்சைதான். காசு கொடுத்து வாங்கிய நல்ல பூஞ்சையை நாமே கொன்றதாகும். ரசாயன வழியில் போனவர்கள் 15 நாள் கழித்து டிரைக்கோடெர்மாவை மண்ணில் ஊற்றலாம்.

பைக்கு 2 கிழங்கு. 7 செ.மீ ஆழக் குழியில் கிழங்கைப் படுக்கவைக்க வேண்டும். இங்கேதான் பெரிய குழப்பம் வரும். பழைய தண்டின் தழும்பு நடுக் கணுவில் இருப்பதால், முளையும் அங்கிருந்து வரும் என்று நினைத்து, கணு மேலே வரும்படி கவிழ்த்து ஊன்றுகிறார்கள். முளை வருவது நுனியிலிருந்து. நுனி கீழ்நோக்கிப் போனால் முளை மண்ணுக்குள் சுற்றி வளைந்து மேலே வர வாரக்கணக்கில் ஆகும், சில வராமலே போகும். படுக்கையாக வைத்து, நுனி லேசாக மேல்நோக்கி இருந்தால் போதும். நுனிகள் பையின் ஓரத்தில் முட்டாமல் 10 செ.மீயாவது உள்ளே இருக்கட்டும். வெயிலில் பையின் சுவர் சுடும்.

மண் மூடியதும் நுனி இருக்கும் இடத்துக்கு நேரே ஒரு ஐஸ் குச்சி. எந்த இடத்தில் கை வைக்கக் கூடாது என்று காட்டத்தான் அது. ஊன்றிய அன்று ஒரு லிட்டர் தண்ணீர், அதற்குப் பிறகு முளை தெரியும்வரை 4, 5 நாளுக்கு ஒருமுறை அரை லிட்டர்.

பந்தலை அன்றைக்கே போடுவது

முளை வந்த பிறகு கம்பு நடலாம் என்று விட்டால், கம்பு நேரே கிழங்கைத்தான் தேடிப்போகும். ஊன்றிய அன்றே பந்தல் வேலையை முடித்துவிட வேண்டும்.

இந்தக் கொடி தண்டால் சுற்றி ஏறாது. இலையின் நுனி நீண்டு சுருண்டு கொக்கியாகி, கிடைத்ததைப் பற்றிக்கொள்ளும். அந்தக் கொக்கி சின்னது. பென்சிலைவிட மெல்லிய பொருளைத்தான் பிடிக்க முடியும். பிவிசி குழாயும் கட்டை மூங்கிலும் சட்டத்துக்குத்தான் உதவும், கொடிக்கு உதவாது. 6 பையை ஒரே வரிசையில் 2 அடி இடைவெளியில் வைத்தால் 12 அடி நீளம். 8 அடி மூங்கில் 3, அவற்றின் மீது 12 அடிக்கு 6 அடி நைலான் கொடி வலை, கண் அளவு 4 அங்குலம். வலைக்குப் பதில் சணல் கயிற்றைக் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டலாம். பார்க்க அதுதான் அழகு, ஆனால் மழைக்காலம் முடியும் முன்பே சணல் இற்றுப்போக ஆரம்பிக்கும். தோட்டக்காரர்கள் விராலிச் செடியைக் காயவைத்து மிலாறு மிலாறாக, அதாவது மெல்லிய சுள்ளிகளாக, பாத்தியில் நட்டு ஏற்றுவார்கள். கிளுவை வேலியில் ஏற்றிவிடுவதும் உண்டு. விராலி மிலாறு கிடைத்தால் நைலானைத் தொடவே வேண்டாம். கொக்கி பிடிக்க அதைவிட நல்லது இல்லை.

ஆடிக்காற்றை மறக்க வேண்டாம். மாடியில் அகலமாகக் கட்டிய வலை பாய்மரம் மாதிரி. மூங்கிலைப் பையில் நடாமல் கைப்பிடிச் சுவரோடு இரண்டு இடத்தில் கட்டுங்கள்.

முளை

மண் வெதுவெதுப்பாக இருந்தால் 2 முதல் 4 வாரத்தில் ஈட்டி முனை மாதிரி ஒரு முளை வரும். ஆறு வாரம்கூட ஆகலாம். அதுவரை தோண்டிப் பார்க்கும் ஆசையைக் கட்டிவைக்க வேண்டும். விரல் பட்டு அந்த ஒற்றை முனை ஒடிந்தால், அந்தக் கிளையின் இந்த வருடக் கதை பெரும்பாலும் அதோடு சரி. நத்தை உள்ள இடத்தில் இரவில் டார்ச் அடித்துப் பார்த்து எடுத்துவிட வேண்டும். ஒரே இரவில் முனையை மழித்துவிடும்.

முளை ஒரு சாண் வந்ததும் வலையின் பக்கம் லேசாகச் சாய்த்து, வாழைநாரால் தளர்வாக ஒரு கட்டு. இரண்டு மூன்று இலைக் கொக்கிகள் பிடித்துவிட்டால் கட்டை அவிழ்த்துவிடலாம். தண்டு உள்ளே நீர்ப்பிடிப்பானது. நிமிர்த்துகிறேன் என்று வளைத்தால் கணுவில் முறியும். முறிக்காமல் வளைக்க மதியம் நல்ல நேரம். காலையில் தண்டு விறைப்பாக இருக்கும், மதியம் கொஞ்சம் துவண்டிருக்கும்.

முதல் இரண்டு மூன்றடி கிளை இல்லாமல் ஒற்றைத் தண்டாகப் போகும். அதற்கு மேல்தான் கிளை விட்டு, மேல் இலைகளின் ஓரத்தில் மொட்டு வைக்கும். கிளைக்கட்டும் என்று நுனியைக் கிள்ளுவது மல்லிகைக்குச் செய்யும் வைத்தியம். இங்கே கிள்ளினால் பூவைத்தான் கிள்ளுகிறோம்.

தண்ணீரும் தீனியும்

ஓரடி உயர்ந்த பிறகு 2 நாளைக்கு ஒருமுறை பைக்கு ஒன்று முதல் ஒன்றரை லிட்டர். கணக்கைவிட விரல் நம்பகமானது. 2 அங்குலம் உள்ளே விட்டுப் பார்த்து ஈரம் இருந்தால் அன்றைக்கு விட்டுவிடலாம். வெயில் ஒரு நாளைக்கு 5, 6 மணி நேரம் வேண்டும். ஆனால் வேர்ப் பக்கம் குளிர்ச்சியாக இருக்க, மண்மேல் ஒரு அங்குலம் காய்ந்த இலை மூடாக்குப் போடலாம். தண்டைச் சுற்றி மூன்று விரல் இடம் விட்டுப் போட வேண்டும். மேற்குச் சுவரை ஒட்டி வைத்தால் சுவர்ச் சூட்டில் முதலில் கருகுவது இலை நுனி. கொக்கி கருகினால் கொடி தொங்கிப்போகும்.

முளைத்த மூன்றாம் வாரத்திலிருந்து 15 நாளுக்கு ஒருமுறை: கடலைப்புண்ணாக்கு 50 கிராமை ஒரு லிட்டர் தண்ணீரில் 2 நாள் ஊறவைத்து, 10 லிட்டராக்கி, பைக்கு அரை லிட்டர். இதற்கு இடையில் ஒரு வாரம் மண்புழு உரம் இரண்டு கைப்பிடி. மொட்டு தெரிந்ததும் புண்ணாக்குக் கரைசலை நிறுத்தி, சாம்பல் சத்துக்கு மாற வேண்டும். சல்பேட் ஆஃப் பொட்டாஷ் 1 லிட்டருக்கு 5 கிராம் கரைத்து, 15 நாள் இடைவெளியில் இரண்டு முறை வேரில். யூரியா பக்கம் போகவே வேண்டாம். தழைச்சத்து கூடினால் இலை கரும்பச்சையாகத் தளதளவென்று நிற்கும், பூ வராது, அந்தத் தளதளப்புக்கே புழுவும் அழுகலும் தேடி வரும்.

பூ

ஆவணிக் கடைசியிலிருந்து கார்த்திகை வரை பூக்கும். மொட்டு பச்சையாகத் தலைகுனிந்து தொங்கும். விரியும்போது 6 இதழும் பின்னோக்கி மடங்கி மேலே நிமிரும், ஓரம் அலை அலையாக நெளியும். முதல் நாள் பச்சை மஞ்சள், பிறகு அடி மஞ்சள் நுனி சிவப்பு, கடைசியில் முழுச் சிவப்பு. ஒரு பூ ஒரு வாரம்போல நிற்கும். ஒரே கொடியில் வெவ்வேறு நிறத்தில் பூ இருப்பதைப் பார்த்து ஒட்டு ரகமோ என்று கேட்பார்கள். வயதுதான் வேறு.

இந்தப் பூவின் சூல்தண்டு அடியிலேயே செங்கோணமாக மடங்கி, மகரந்தப்பைகளை விட்டு விலகிப் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும். தன் மகரந்தம் தன்மேல் படாதிருக்க அப்படி ஒரு ஏற்பாடு. விதை வேண்டும் என்கிற விவசாயிகள் அதனால்தான் காலை 8லிருந்து 11 மணிக்குள் பூப்பூவாகக் கையால் மகரந்தம் தொட்டு வைக்கிறார்கள். அழகுக்கு வைப்பவர்களுக்கு அந்த வேலை வேண்டாம். வேண்டாததோடு நிற்காமல், பூச்சி வந்து தானாகக் காய் பிடித்தாலும் கிள்ளி எறிவது நல்லது. காய்க்குப் போகும் சத்து கிழங்குக்குப் போகும். அதோடு, முற்றிய காய் வெடித்தால் உள்ளே விதை மாதுளை முத்துபோலச் சிவப்பாக இருக்கும். குழந்தைகள் வந்துபோகும் வீட்டில் அதை விட்டுவைக்கவே கூடாது.

பறித்து வைக்க வேண்டுமென்றால் பூக்காம்போடு மட்டும் பறித்து, அகலக் கிண்ணத் தண்ணீரில் மிதக்கவிடலாம். நீளத் தண்டோடு வெட்டினால் இலை போகும். இலை போனால் கிழங்கு சிறுக்கும்.

புழு

இந்தச் செடிக்கென்றே ஒரு புழு உண்டு. கறுப்பு உடம்பில் சிவப்பும் வெள்ளையுமாகப் புள்ளி போட்டது, பார்க்க அழகாகவே இருக்கும். பெயர் லில்லிப் புழு. நம்மைக் கொல்லும் கொல்ச்சிசின் அதை ஒன்றும் செய்யாது. கூட்டமாக வந்தால் நாலைந்து நாளில் கொடியை வெறும் நரம்பாக்கிவிடும். தினமும் காலையில் இலையின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்ப்பதுதான் உண்மையான மருந்து. 6 பைக்கு ஐந்து நிமிட வேலை. குச்சியால் தட்டி சோப்புத் தண்ணீரில் போட்டுவிடலாம்.

கைக்கு அடங்காமல் போனால் பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் என்ற பாக்டீரியாத் தூள் 1 லிட்டருக்கு 2 கிராம், சாயங்காலம் மட்டும். வெயிலில் அதன் வீரியம் போய்விடும். புழு அதைத் தின்றால்தான் சாகும் என்பதால், அடித்த மறுநாளும் உயிரோடு இருக்கிறதே என்று வேறு மருந்துக்குத் தாவ வேண்டாம். 2, 3 நாள் பொறுக்கலாம். முட்டைக்கும் சாறு உறிஞ்சிகளுக்கும் வேப்பெண்ணெய் 5 மி.லி, காதி சோப்புக் கரைசல் கொஞ்சம், 1 லிட்டர் தண்ணீர். எண்ணெய் பிரியாமல் பால் மாதிரி வரும்வரை குலுக்கிய பிறகு அடிக்க வேண்டும். எண்ணெய் திட்டுத்திட்டாகப் படிந்தால் அந்த இடம் வெயிலில் வெந்துபோகும். விரிந்த பூவின்மேல் எந்த மருந்தும் வேண்டாம்.

இலைப்பேன் வந்தால் நுனி இலைகள் வெள்ளி பூசியதுபோல் மின்னும், மொட்டு கோணலாகும். மஞ்சள், நீல ஒட்டும் அட்டை இரண்டிரண்டு தொங்கவிட்டு, அதே வேப்பெண்ணெய் போதும்.

அழுகலா, உறக்கமா

இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரியாமல்தான் நல்ல கிழங்குகள் போகின்றன.

அழுகல் வரும் காலம் ஐப்பசி, கார்த்திகை அடைமழை. கொடி பச்சையாக இருக்கும்போதே ஒரே நாளில் உச்சி முழுவதும் தொங்கிவிடும். மண்ணை ஒட்டிய தண்டு பழுப்பேறி நசநசவென்று இருக்கும். அங்கே வெள்ளை நூல் படர்ந்து, கடுகு கடுகாகப் பழுப்பு உருண்டைகள் இருந்தால் ஸ்கிளிரோஷியம் பூஞ்சை. அந்தப் பையின் மண் இனி எந்தச் செடிக்கும் ஆகாது. உறக்கத்துக்குப் போகும் கொடியோ மெதுவாகத்தான் போகும். பூ முடிந்த பிறகு அடி இலையிலிருந்து மஞ்சளாகி, மேலே ஏறி, மூன்று நான்கு வாரத்தில் தண்டு வைக்கோல் நிறத்துக்கு வரும். அடித்தண்டு காய்ந்து இருக்குமே தவிர, நசநசக்காது.

அழுகல் ஒரு செடியில் தெரிந்ததும் அந்தப் பையை வரிசையிலிருந்து வெளியே எடுத்து, கிழங்கைப் பறித்துப் பார்க்க வேண்டும். ஒரு கிளை மட்டும் போயிருந்தால் நல்ல சதை தெரியும்வரை வெட்டி, மேலே சொன்ன கார்பென்டசிம் கரைசலில் 30 நிமிடம் வைத்து, உலர்த்தி, சாம்பல் தடவி உலர்ந்த மணலில் வைக்கலாம். பிழைத்தால் அடுத்த ஆடிக்கு ஊன்றலாம். மற்ற பைகளுக்கு அதே 1 லிட்டருக்கு 1 கிராம் கரைசல், பைக்கு அரை லிட்டர் வேரில். ஆனால் மருந்து இரண்டாம்பட்சம். அடைமழை எச்சரிக்கை வந்தவுடன் மூடாக்கை நீக்கி, பையின் வடிகால் ஓட்டையில் ஒரு கம்பியை விட்டு அடைப்பு எடுத்து, பைமேல் பாலித்தீன் தாளைச் சரிவாகக் கட்டிவிட்டால் அழுகலுக்கு வேலையே இல்லை. மழைநாளில் இலையில் வரும் பழுப்புப் புள்ளிக்கு அந்த இலைகளைக் கிள்ளிவிட்டு, மாங்கோசெப் பூஞ்சைக்கொல்லி 1 லிட்டருக்கு 2 கிராம் ஒருமுறை அடித்தால் நிற்கும்.

தை, மாசி: கிழங்கு எடுப்பது

அடி இலை மஞ்சளானதும் தண்ணீரை 4 நாளுக்கு ஒருமுறை, பிறகு வாரம் ஒருமுறை என்று குறைத்து, மூன்றாம் வாரம் முழுவதும் நிறுத்த வேண்டும். உரம் கிடையாது. மஞ்சள் இலையை அழகுக்காக வெட்ட வேண்டாம். கடைசிச் சத்து அதிலிருந்துதான் கிழங்குக்கு இறங்குகிறது. தண்டு இழுத்ததும் கையோடு வரும் நாள் வரை காத்திருந்து, அதற்கு மேல் இன்னும் இரண்டு வாரம் விட்டால் கிழங்கின் தோல் முற்றும்.

எடுக்கும்போது கொத்து, கரண்டி எதுவும் கூடாது. கோணிச்சாக்கை விரித்து, பையைப் பக்கவாட்டில் படுக்கவைத்து உருட்டி, மண்ணைக் கையால் உதிர்க்க வேண்டும். ஆடியில் ஊன்றிய கிழங்கு இருக்காது. சக்கையாகிச் சுருங்கிய தோல்தான் கிடைக்கும். அதைப் பார்த்து அழுகிவிட்டது என்று நினைக்க வேண்டாம், ஒவ்வொரு வருடமும் பழையது தன்னைக் கொடுத்துத்தான் புதியதை உண்டாக்குகிறது. தண்டின் அடியில் புதுக் கலப்பை இருக்கும். அது கீழ்நோக்கி இறங்கியிருப்பதால் பையின் அடிவரை தேட வேண்டும்.

கழுவக் கூடாது. மண்ணைத் தட்டிவிட்டு நிழலில் 4 நாள் காயவிட்டு, எடைபோட்டு எழுதிவைக்கலாம். போட்டதைவிட எடை கூடியிருந்தால் இந்த வருட வெயிலும் தீனியும் சரி. குறைந்திருந்தால் இலை சீக்கிரம் போயிருக்கிறது. புழுவையோ நிழலையோ சந்தேகிக்க வேண்டும்.

அட்டைப்பெட்டியில் 2 அங்குலம் உலர்ந்த மணல், அதன்மேல் ஒன்றையொன்று தொடாமல் கிழங்கு, மறுபடி மணல். இரண்டு அடுக்குக்கு மேல் வேண்டாம். காற்றோட்டமான நிழல் இடம். பாலித்தீன் பையில் கட்டினால் வியர்த்துப் பூசணம் பிடிக்கும், குளிர்சாதனப் பெட்டி வேண்டவே வேண்டாம். பெட்டியின் நாலு பக்கமும் ‘விஷக் கிழங்கு, தொடாதே’ என்று மார்க்கரில் பெரிதாக எழுத வேண்டும். சேனையும் வெங்காயமும் கிடக்கும் பரணில் வைக்கக் கூடாது. மாதம் ஒருமுறை திறந்து, மெத்தென்று ஆனதை எடுத்துவிட வேண்டும்.

எடுக்க மனமில்லாதவர்கள் பையோடு மழைச்சாரல் படாத இடத்தில் நகர்த்திவிட்டு மறந்துவிடலாம். சித்திரையில் ஒரு கோடை மழை பட்டால் சில கிழங்கு முன்னாலேயே எழுந்துகொள்ளும். அப்படி எழுந்தால் விட்டுவிடுங்கள், தடுக்க முடியாது.

வைகாசிக் கடைசியில் பெட்டியைத் திறக்கும்போது சில நுனிகளில் வெளிர் ரோஜா நிறத்தில் அரிசி அளவு முனை தெரியும். முனை தெரிந்த கிழங்குகளை முதலில் ஊன்ற வேண்டும். அவற்றை மணலில் விட்டால் பெட்டிக்குள்ளேயே வளைந்து வளரும், எடுக்கும்போது ஒடியும். பழைய மண்ணில் அழுகல் வராதிருந்தால் மூன்றில் ஒரு பங்கை நீக்கி அந்த அளவுக்குப் புது மண்புழு உரமும் மணலும் கலந்து, அதே 100 கிராம் வேப்பம்புண்ணாக்குப் போட்டு ஒரு வாரம் ஆறவிட்டு நிரப்பலாம். அழுகல் வந்த பையின் மண்ணைச் செடி இல்லாத இடத்தில் கொட்டிவிட்டு, பையைச் சுண்ணாம்புத் தண்ணீரில் கழுவி இரண்டு நாள் வெயிலில் கவிழ்த்துவையுங்கள்.